வடநாட்டுத் தொழிலாளர்களை விரட்டாதீர்கள், உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்

தொழிலாளர் சட்டம்: வாசகர் கேள்விக்கு வழக்கறிஞரின் பதில்

கேள்வி: பந்தலூர் வட்டத்தில் ஒரு தனியார் தேயிலைத் தோட்டத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகக் கொழுந்து பறிக்கிறேன். நிரந்தரத் தொழிலாளி. இலங்கையிலிருந்து வந்த மாமியாரோடும் இரண்டு பிள்ளைகளோடும் தோட்டம் கொடுத்த லைன் வீட்டில் இருக்கிறேன். எங்கள் தோட்டத்தில் ஒரு நாளைக்கு மூன்று முறை இலை நிறுப்பார்கள். ஒவ்வொரு நிறுவைக்கும் இரண்டு கிலோ கழித்துத்தான் எழுதுகிறார்கள். மழைக்காலத்தில் தண்ணீர்க் கழிவு என்றார்கள். இப்போது வெயில் காய்கிற நாளிலும் அதே இரண்டு கிலோ. மலையில் கழிப்பறை கிடையாது, செடி மறைவுக்குத்தான் போகிறோம். வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைமடுவத்தைப் பூட்டி இரண்டு வருடமாகிறது. சங்கம் இருக்கிறது, சந்தாவும் பிடிக்கிறார்கள். நிர்வாகிகள் எல்லோரும் ஆண்கள். கேட்டால், சம்பளப் பேச்சு முடியட்டும், பொறுங்கள் என்கிறார்கள். நாங்கள் 34 பெண்கள் ஒரே நாளில் லீவு போட்டுவிட்டு ஆபீஸ் முன்னால் உட்காரலாம் என்று பேசியிருக்கிறோம். வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது. நாங்கள் உட்கார்ந்தால் வடநாட்டு ஆட்கள் மலைக்குப் போய்விடுவார்கள். முதலில் அவர்களை வெளியேற்றச் சொல்லிக் கேட்க வேண்டுமா? புதுச் சங்கம் ஆரம்பிக்கலாமா?

பெயர் வேண்டாம், பந்தலூர்

பதில்:

அன்புள்ள சகோதரி,

வடநாட்டு ஆட்களைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதில் எடுக்கும் முடிவைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாம் நடக்கும். அவர்களை வெளியேற்றச் சொல்லி ஒரு வரிகூட எழுதாதீர்கள். அப்படி எழுதினால், நிர்வாகம் உங்களோடு பேச வேண்டிய விஷயம் எடைக் கழிவிலிருந்து மாறி, யார் வேலை செய்வது என்பதாகிவிடும். உங்கள் கோரிக்கை அன்றே செத்துவிடும். நீலகிரித் தோட்டங்களில் ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்கள் இல்லாத மலை இன்று குறைவு. அவர்களை ஒதுக்கிவிட்டு நடத்துகிற எந்தப் போராட்டமும் மூன்றாம் நாளே தளர்ந்துபோகும். இலை பறிக்கக் கை இருக்கும்வரை நிர்வாகத்துக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

அவர்களுக்கும் உங்களுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்களா? அதே தராசுதான். உங்களுக்காவது நாள் சம்பளம் உண்டு. அளவுக்கு மேல் பறிக்கும் கிலோவுக்குத்தான் தனிக் காசு. ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறவர்களில் பலருக்குக் கிலோ கணக்குதான் முழுக் கூலி. உங்களிடம் இரண்டு கிலோ கழிந்தால் ஊக்கக் காசு குறையும். அவர்களிடம் கழிந்தால் அரிசி வாங்கும் காசே குறையும். அவர்களுக்கு இதில் கோபம் இல்லாமல் இருக்காது. எந்த மொழியில், யாரிடம் சொல்வது என்றுதான் தெரிந்திருக்காது. ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களில் பலர் தங்களுக்குள் சாத்ரி மொழி பேசுவார்கள், ஆனால் இந்தி புரியும். திருப்பூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போய் இந்தி பழகிவந்த பிள்ளை உங்கள் லைனில் ஒருவராவது இருப்பார். அவரை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவர்கள் குடியிருப்புக்குப் போங்கள். போராட்டத்தைப் பற்றி எதுவும் பேச வேண்டாம். கிலோவுக்கு என்ன தருகிறார்கள், யார் கையில் தருகிறார்கள், சீட்டு கொடுக்கிறார்களா, ஊரில் வாங்கிய முன்பணத்தில் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். அதைக் கேட்க இதுவரை யாரும் அந்தப் பக்கம் போயிருக்க மாட்டார்கள்.

தற்காலிகமாகப் பறிக்க வரும் பணியர் பழங்குடிப் பெண்கள் உங்கள் தோட்டத்திலும் இருந்தால் அவர்களிடமும் போங்கள். அவர்களிடம் தமிழிலேயே பேசலாம். ஆனால் அவர்களை உட்காரவைத்துப் பேசுகிற பழக்கம் நம் லைன்களில் இல்லை. அந்தப் பழக்கத்தை உங்கள் 34 பேர் தொடங்கிவைத்தால் எடைக் கழிவு நின்றுபோவதைவிட அது பெரிய காரியம் என்றே நான் சொல்வேன்.

உங்கள் மாமியாரிடமும் ஒன்று கேளுங்கள். இலங்கைக்கு அவருடைய பாட்டன் பாட்டி எப்படிப் போனார்கள்? கங்காணி கொடுத்த முன்பணத்தில்தான் போயிருப்பார்கள். அங்கே தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டமே இங்கே தொடங்கியது. அதுதான் பின்னால் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. வந்த புதிதில் இந்த மலையில் என்னென்ன பேச்சுக் கேட்டார்கள் என்பதை உங்கள் மாமியார் மறந்திருக்க மாட்டார். வெளியிலிருந்து வந்தவர்கள், குறைந்த கூலிக்கு வேலையைப் பறிக்கிறவர்கள் என்ற அதே சொற்களை இப்போது உங்கள் வாயிலிருந்து வரவிடாதீர்கள்.

அடுத்து, லீவு. ஒரே நாளில் எல்லோரும் லீவு போடுவது வேலைநிறுத்தம் ஆகாது என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருப்பதுபோலத் தெரிகிறது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அவற்றில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, வேலை செய்கிறவர்களில் பாதிப் பேரோ அதற்கு மேலோ பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம்தான். வேலைநிறுத்தம் என்றால் குறைந்தது 14 நாள் முன்னதாக எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் நடத்தும் பேச்சு நடக்கும்போதும், அது முடிந்து 7 நாள் வரையிலும் இறங்கக் கூடாது. அறிவிப்பில்லாமல் இறங்கினால் சட்டவிரோதம். 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதமும், ஒரு மாதம் வரை சிறையும் விதிக்க அதில் இடமிருக்கிறது. நீங்கள் 34 பேர் மட்டும் லீவு போட்டு, அது பாதிக்கும் குறைவாக இருந்தால் வேலைநிறுத்தம் என்ற பெயர் வராது. ஆனால் அனுமதியில்லாமல் வராதவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கம் கேட்டு மெமோ வரும். கூட்டமாகச் சேர்ந்து செய்த காரியத்துக்குத் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டிய நிலை அது. இரண்டு வழியும் இப்போது வேண்டாம். வேலைநிறுத்த உரிமையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இந்தக் கட்டுப்பாடுகள் தொழிலாளிக்கு அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் முதல் அடியிலேயே உங்கள் பக்கத்தில் தவறு இருப்பதாக நிர்வாகம் எழுதிவைக்க இடம் கொடுக்காதீர்கள்.

அதற்குப் பதில் ஒரு நோட்டு வாங்குங்கள்.

நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, ஃபீல்டு எண், வெயிலா மழையா, தராசுத் திரையில் தெரிந்த எடை, ரிஜிஸ்டரில் எழுதிய எடை, வித்தியாசம். இந்த ஆறும் ஒவ்வொரு நிறுவைக்கும் ஒரு வரியாக வர வேண்டும். மூட்டையைக் கொக்கியில் மாட்டியதும் திரையில் எண் ஆடி நிற்கும் அந்த நொடியில் அதை உரக்கப் படியுங்கள், பக்கத்தில் நிற்பவர் மனதில் வாங்கிக்கொள்ளட்டும். கணக்கப்பிள்ளை எழுதி முடித்ததும் அந்த எண்ணையும் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். சண்டை வேண்டாம், குரல் உயர வேண்டாம். மாலையில் லைனுக்கு வந்ததும் எழுதி, பறித்தவரும் பார்த்தவரும் கையெழுத்துப் போடுங்கள், எழுதத் தெரியாதவர் ரேகை வைக்கட்டும். ஒரு மாதம் விடாமல் எழுதினால் அதன் முன்னால் எந்த வாய்ப்பேச்சும் நிற்காது.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். நிறுவைக்கு இரண்டு கிலோ, நாளைக்கு மூன்று நிறுவை என்றால் ஆறு கிலோ. மாதம் 25 நாள் வேலையென்றால் ஒருவருக்கு 150 கிலோ. உங்கள் 34 பேருக்கு மட்டும் 5,100 கிலோ பச்சை இலை. ஏறத்தாழ நாலரைக் கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள் என்று வைத்தால் ஆயிரத்து நூறு கிலோவுக்கு மேல் தேயிலை வருகிறது. சாக்கின் எடையைக் கழிப்பது நியாயம். மழையில் நனைந்த இலைக்கு ஓரளவு கழிப்பதும் நியாயம், அதை மறுத்துப் பேசாதீர்கள். பேசினால் உங்கள் பேச்சுக்கு மதிப்புக் குறையும். எவ்வளவு ஈரத்துக்கு எவ்வளவு கழிவு என்று எழுதி நிறுவை இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள். வெயில் நாளில் சாக்கின் எடை தவிர வேறு கழிவு இல்லை என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். இதற்கு எந்த மேலாளராலும் நியாயமான மறுப்புச் சொல்ல முடியாது.

தராசில் அரசு முத்திரை இருக்கிறதா, அதன் காலம் முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள். நம் மாநிலத்தில் எடையளவுச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதும் தொழிலாளர் துறைதான். எனவே ஒரே மனுவில் இரண்டையும் கேட்கலாம். உங்கள் பிரச்சினை பெரும்பாலும் தராசில் இல்லை, ரிஜிஸ்டரில்தான் இருக்கிறது. ஆய்வாளர் வந்து தராசைச் சோதித்து, சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனால் சோர்ந்துவிடாதீர்கள். தராசு சரி என்பது நிரூபணமானால் எழுதியதுதான் தவறு என்பதும் அதோடு நிரூபணமாகிறது.

கழிப்பறையையும் பிள்ளைமடுவத்தையும் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. இரண்டும் சட்டத்தில் தெளிவாக இருக்கின்றன. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை என்பது 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டக் காலத்திலிருந்தே நிர்வாகத்தின் கடமை, புதிய சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஐம்பது பேர் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை அங்கே போய்வர அனுமதிக்க வேண்டும். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், அதனால் பூட்டினோம் என்று பதில் வரும். அப்போது வடநாட்டுத் தொழிலாளர்களின் பிள்ளைகளையும் சேர்த்து எண்ணிச் சொல்லுங்கள். மலை ஓரத்தில் சாக்கு விரித்துக் கிடத்தியிருக்கும் கைக்குழந்தைகளைக் கணக்கில் சேர்த்தால் எண்ணிக்கை மாறிவிடும். யானை நடமாடும் பந்தலூரில் குழந்தையைத் தேயிலைச் செடியடியில் விட்டுவிட்டுப் பறிக்கச் சொல்வது எவ்வளவு கொடுமை என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எடைக் கழிவு, கழிப்பறை, பிள்ளைமடுவம் என்ற இந்த மூன்றோடு நிறுத்துங்கள். போனஸ், கூலி உயர்வு, வீட்டுக் கூரை எல்லாவற்றையும் ஒரே மனுவில் அடுக்கினால் கூலிப் பேச்சு முடியட்டும் என்ற பதில்தான் மறுபடியும் வரும்.

இனி சங்கம். இருக்கிற சங்கத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்னால் அதற்குள் போய்ப் பாருங்கள். சந்தா கட்டுகிறீர்கள், ரசீது வைத்திருக்கிறீர்கள் என்றால் நீங்கள்தான் சங்கம். கணக்குப் புத்தகத்தையும் உறுப்பினர் பட்டியலையும் பார்க்க உறுப்பினருக்கு உரிமை உண்டு. விதிமுறைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, பொதுக்குழு எப்போது கூட வேண்டும், நிர்வாகிகள் தேர்தல் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்று பாருங்கள். 34 பேரும் ஒன்றாகப் போய்ப் பொதுக்குழுவைக் கூட்டச் சொல்லிக் கேட்டாலே நிலைமை மாறத் தொடங்கும். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்களாக இருக்கும் தோட்டத்தில் நிர்வாகிகள் அத்தனை பேரும் ஆண்களாக இருக்கக் காரணம் உங்கள் தகுதிக் குறைவு அன்று. கூட்டத்தை ராத்திரி எட்டு மணிக்கு, நீங்கள் சோறாக்கும் நேரத்தில் வைக்கிறார்கள். ஞாயிறு மதியம் வைக்கச் சொல்லுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் புதுச் சங்கம் பதிவு செய்யலாம். ஏழு பேர் விண்ணப்பம் போட்டால் போதும். ஆனால் தோட்டத்தின் மொத்தத் தொழிலாளர்களில் 10 சதவீதமோ 100 பேரோ, எது குறைவோ, அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். பதிவு எளிது, பேச்சுவார்த்தை மேசையில் இடம் பிடிப்பதுதான் கடினம். புதிய சட்டப்படி 51 சதவீதம் ஆதரவுள்ள சங்கம் இருந்தால் நிர்வாகம் அதனோடு மட்டும் பேசினால் போதும். அப்படி எதுவும் இல்லையென்றால் 20 சதவீதமாவது வைத்திருக்கும் சங்கங்களுக்குப் பேச்சுவார்த்தைக் குழுவில் இடம் உண்டு. சிறிய சங்கமாகப் பிரிந்து நிற்பது உங்களை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கேரளத்தின் மூணாறுத் தேயிலைத் தோட்டப் பெண்கள் நினைவுக்கு வருகிறார்களா? 2015 செப்டம்பரில் போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்தபோது, சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் சேர்க்காமல் ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். பெண்கள் ஒற்றுமை என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாளில் கருணைத் தொகையோடு சேர்த்து அந்த 20 சதவீதத்தை வாங்கினார்கள். கூலியை 232இலிருந்து 500 ஆக்கக் கேட்டார்கள், 301தான் கிடைத்தது. பிறகு தலைமைக்குள் பிளவு வந்தது. அவர்கள் காட்டிய துணிச்சலுக்கு ஈடே இல்லை. ஆனால் அந்த ஒன்பது நாளின் வேகம் அடுத்த ஒன்பது மாதத்துக்குத் தாங்க வேண்டுமானால் உறுப்பினர் பட்டியல், மாதக் கூட்டம், கணக்கு, முறை வைத்து மாறும் பொறுப்பு எல்லாம் வேண்டும். நீங்கள் அதை முதலிலேயே செய்துகொள்ளுங்கள்.

தோட்ட முதலாளிகள் இதை எப்போதோ செய்துவிட்டார்கள். குன்னூரில் தலைமையகம் வைத்திருக்கும் உபாசி என்ற தென்னிந்தியத் தோட்ட முதலாளிகள் சங்கம் 1893இல் தொடங்கியது. கூட்டமைப்பாகச் சேர்ந்து பேசுவதில் தவறில்லை என்று அவர்களுக்கு நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரியும். நீங்கள் சேர்வதைக் கலகம் என்று யாராவது சொன்னால் அதை நினைவுபடுத்துங்கள்.

மனு கொடுக்கும்போது ஒருவர் மட்டும் முன்னால் நிற்காதீர்கள். ஐந்து பேர் போங்கள். அந்த ஐவரில் ஒருவர் வடநாட்டுத் தொழிலாளியாகவும், முடிந்தால் ஒருவர் பணியர் பெண்ணாகவும் இருக்கட்டும். அடுத்த முறை வேறு ஐவர். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை நோட்டில் ஒட்டுங்கள். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அதில் நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில், பெண்கள் தங்கள் விகிதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அப்படி ஒரு குழு உங்கள் தோட்டத்தில் இருக்கிறதா என்று அந்த மனுவிலேயே கேளுங்கள். பதில் வராவிட்டால் குன்னூரில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்துக்கும், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் உதகையில் ஆட்சியருக்கும் கொண்டுபோங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாக நினைவில் வையுங்கள். மேலாளர் இறங்கி வந்து, சரி, எழுதித் தருகிறேன், ஆபீஸிலேயே முடித்துக்கொள்வோம் என்று சொல்லக்கூடும். அந்த அறையில் போடும் ஒப்பந்தம் கையெழுத்துப் போட்ட தரப்புகளை மட்டும்தான் கட்டுப்படுத்தும். சமரச அலுவலர் முன்னிலையில் போடும் ஒப்பந்தம் தோட்டத்தில் வேலை செய்யும் எல்லோருக்கும், நாளை வேலைக்குச் சேர்கிறவர்களுக்கும் சேர்த்துச் செல்லும். அதனால் நன்றி சொல்லிவிட்டு, குன்னூரில் வைத்துக் கையெழுத்துப் போடுவோம் என்று சொல்லுங்கள்.

வீட்டைப் பற்றிய பயம் எனக்குப் புரிகிறது. மேலாளருக்கும் அது நன்றாகத் தெரியும். வேலையில் இருக்கிறவரை லைன் வீடு உங்கள் பணி நிபந்தனையில் அடங்கியது. மனுக் கொடுத்ததற்காகவோ சங்கம் சேர்ந்ததற்காகவோ அதைப் பறிக்க முடியாது. சமரசப் பேச்சு நடக்கும்போது அந்தத் தகராறோடு தொடர்புள்ள பணி நிபந்தனைகளை உங்களுக்குப் பாதகமாக மாற்றக் கூடாது. அந்தத் தகராறு காரணமாக, சமரச அலுவலரின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் உங்களை வேலையை விட்டு நீக்கவும் கூடாது. சங்க வேலைக்காகப் பழிவாங்குவதும், கெட்ட எண்ணத்தோடு வேறு டிவிஷனுக்கு மாற்றுவதும் நியாயமற்ற தொழிலாளர் நடைமுறை என்று சட்டத்திலேயே பட்டியலிட்டிருக்கிறது. அதற்கு 10,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சட்டத்தில் இப்படி இருந்தும் மிரட்டல் வரும். வாயால் மிரட்டினால் தேதி, நேரம், யார் சொன்னது, யார் கேட்டது என்று அதே நோட்டில் எழுதுங்கள். எழுத்தில் வந்தால் உடனே பதில் எழுதாமல் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அதற்குக் காசு வேண்டியதில்லை. பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி தர 1987ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்திருக்கிறது. உதகையில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம்.

மருந்தடிக்கும் வேலைக்கு யாரையாவது கையுறை இல்லாமல் அனுப்புகிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அவர்களுடைய மருத்துவச் சீட்டுகளை ஒன்றுவிடாமல் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். கொடைக்கானலில் பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. அங்கே வேலை செய்தவர்கள் சங்கமாகச் சேர்ந்து விடாமல் நின்றதால்தான் 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கான உடன்பாடு வந்தது. பதினைந்து ஆண்டு கழித்து ஒருவர் இன்ன தேதியில் இன்ன வேலை செய்தார் என்று காட்ட வேண்டிவந்தால் கையில் காகிதம் இருக்க வேண்டும்.

உங்கள் தோட்டத்தில் நிரந்தரம், தற்காலிகம், ஒப்பந்தம் எல்லாம் சேர்த்து எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கடிதத்தில் இல்லை. ஒரு மாத நோட்டு முடிந்ததும் அந்த எண்ணிக்கையையும், உங்கள் சங்க விதிமுறைப் புத்தகத்தின் நகலையும், ஒப்பந்தக்காரர் தரும் கூலிச் சீட்டு ஏதாவது கிடைத்தால் அதையும் அனுப்புங்கள். குறைதீர்ப்புக் குழுவுக்கு யாரை நிறுத்துவது, சமரச மனுவை எப்படி எழுதுவது என்பதை அவற்றைப் பார்த்துவிட்டு விரிவாகச் சொல்கிறேன்.